பதினேழரை றாத்தல்

— இன்னொருக்கா நிறுங்க மிஸ்ஸி. புள்ள கால ஆட்டினதால முள்ளு சரியா நிக்கல்ல.

— மூண்டு தரம் நிறுத்தாச்சு, நஜ்முன் நிஸா. இந்தப் பிள்ளை காலை ஆட்டினால் நான் சந்தோசப்படுவன். எங்க ஆட்டினது? கொடியில போட்ட ஈரத்துணி மாதிரித் தராசில தொங்குது. பதினேழரை றாத்தல். போன மாசமும் பதினேழரை, அதுக்கு முதல் மாசமும் பதினேழரை, அதுக்கு முதலும் அதுதான்.

— கூடவும் இல்ல, குறையவும் இல்ல. அப்ப நல்லந்தானே?

— இஞ்ச பாருங்கோ. எனக்கு நாப்பத்தாறு வயசு. நான் நாலு மாசம் கூடாமல் குறையாமல் இருந்தால் நல்லம். வளருற பிள்ளை ஒரே நிறையில நிண்டால் அது தேயுற மாதிரித்தான். பதினைஞ்சு மாசக் குழந்தை, மாசத்துக்கு அரை றாத்தலாவது ஏற வேணும். விளங்குதோ?

— வெளங்குது. கேளுங்களன் மிஸ்ஸி, மாப் பைக்கட்டு ரெண்டும் தருவீங்கதானே?

— மாப் பைக்கற்று தருவன். அதோட இண்டைக்கு ஒரு துண்டும் தருவன். போன மாசமே சொன்னனான். திருகோணமலைப் பெரியாஸ்பத்திரிக்கு, பிள்ளையள் வாட்டுக்கு.

— அல்லாஹ்வே! துண்டு எழுதாதீங்க மிஸ்ஸி.

— பயப்பிட ஒண்டும் இல்லை. பத்து நாள், கூடினால் பதினைஞ்சு நாள். தாய் கூட நிண்டால் போதும்.

— அதுதான் ஏலா. தாய்க்கு நிக்க ஏலா.

— ஏன் ஏலாது?

— ஊட்டில வேற மூணு பேர் இரிக்கி. அவங்கட வாப்பா சீனன்குடாவில எண்ணெய்த் தாங்கிக்குப் பெயின்ட் அடிக்கிற வேலை. சுபஹு தொழுதிட்டுத் தோணி ஏறினா மஃரிபுக்குத்தான் வருவார். பாண் கியூவில நான்தான் நிக்கிற. நான் பெரியாஸ்பத்திரியில இருந்தா இஞ்ச ஆரு பாக்கிற?

— பாண் கியூ எல்லாருக்கும் இருக்கு பிள்ளை. எங்கட லிங்கநகரில என்ர மனிசன் நாலு மணிக்கு எழும்பிப் பேக்கரி வாசலில நிண்டு அரைப் பாண் கொண்டு வந்தவர். அதில பாதி தூசும் பூச்சியும்.

— அதைத் திண்டிட்டுத்தான் வந்தீங்களா?

— எங்க தின்னுறது. தோணி வெளிக்கிடுற நேரம். ஒரு வெறுந் தேத்தண்ணி குடிச்சிட்டு ஓடி வந்தனான்.

— நல்ல கதை! எங்களுக்கெண்டால் கீரை சொல்லுறீங்க, முட்டை சொல்லுறீங்க, பருப்புச் சொல்லுறீங்க. நீங்க மத்தியானம் ரெண்டு மணிக்கும் வெறுந் தேத்தண்ணியில நிக்கிறீங்க. உங்கள ஆரு மிஸ்ஸி நிறுக்கிற?

— என்னை நிறுத்தால் தராசு அறுந்து விழும். சிரிச்சது போதும், சொல்லுங்கோ. நேற்று இவ என்ன சாப்பிட்டவ?

— விடிய உங்கட மாவில உருண்டை. தேங்காய்ப்பூப் போட்டு, கொஞ்சம் சக்கரை போட்டு.

— கஞ்சியாக் காய்ச்சேல்லையே?

— இல்ல இல்ல. நீங்கதானே சொன்ன, புள்ளட வயிறு அதின்ட பொத்தின கையளவுதான், கஞ்சித் தண்ணிய ஊத்தினா தண்ணியால நிரம்பிடும், சத்துப் போக இடம் இரிக்காது எண்டு. கரண்டியக் கவுத்தா விழாம ஒட்டிக்கிட்டு நிக்கோணும் எண்டும் சொன்னீங்க.

— ஓம். சொன்னனான்தான். பிறகு?

— பத்து மணிபோல ஒரு கோழிமுட்டையில பாதி. மத்தியானம் சோறும் பருப்பும். சோறு குறைவு, கூப்பன் அரிசி எவ்வளவுக்கு மிஸ்ஸி வரும், ஆனாப் பருப்பு நிறைய. முருங்கை இலை சுண்டினன். எண்ணெய் ஒரு சொட்டு விட்டன்.

— எண்ணெய் ஏன் விட்டனீங்கள்?

— இலையில இரிக்கிற கண்ணுச் சத்து எண்ணெயிலதான் கரையும். எண்ணெய் இல்லாட்டி உடம்பு எடுக்காது. சும்மா போயிடும்.

— அட! பிறகு?

— பின்னேரம் சூடை மீன். பெரிய மீனுக்கு நாங்க எங்க போற. கரையில வலை இழுக்கிற நேரம் போய் நிண்டா ஒரு கை சூடை சும்மாவே தருவாங்க. முள்ளோட ஆட்டிச் சோத்தில பிசைஞ்சன். முள்ளுலதான் எலும்புக்கு வேண்டின சத்து இரிக்கி. தேத்தண்ணி குடுக்கவேயில்ல, சாயம் இரும்புச் சத்தப் புடிச்சிடும். சோத்துக்கு மேல தேசிக்காய் ரெண்டு சொட்டு, அது இரும்பக் கூட்டிக் குடுக்கும்.

— நஜ்முன் நிஸா.

— சொல்லுங்க மிஸ்ஸி.

— பதினொரு வருசமா இந்தக் கரையில தராசு தூக்கிறன். நான் சொல்லுறதை ஒரு தாய்கூட இப்பிடி ஒப்புவிச்சதில்லை. ஆராவது செய்யிறதெண்டால் நான் சொல்லுறதில பாதி செய்வினம், மிச்சத்துக்குப் பொய் சொல்லுவினம். நீங்கள் முழுக்கச் சொல்லுறீங்கள். அதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு.

— பொய்யில்ல. வல்லாஹி, ஒரு சொல்லும் பொய்யில்ல. என்ட கையால செய்யிறன், என்ட கையால ஊட்டுறன்.

— சரி, பொய்யில்லை. அப்ப இவ்வளவும் திண்ட பிள்ளை ஏன் இப்பிடி இருக்கு? பூச்சி மருந்து குடுத்தனீங்களோ?

— குடுத்தன். ஒண்டும் விழல்ல.

— வயித்தோட்டம்? காய்ச்சல்? ஆராவது இருமுறவை வீட்டில இருக்கினமோ?

— இல்ல.

— நான் சும்மா வம்புக்குக் கேக்கேல்லைப் பிள்ளை. இவ்வளவு சாப்பாடும் உள்ள போய் ஒரு அவுன்சும் ஏறாட்டி, உள்ளுக்குள்ள வேற ஏதோ வருத்தம் இருந்து திண்டுகொண்டிருக்கு. நெஞ்சில சளி வருத்தமாயும் இருக்கலாம். அதைப் பெரியாஸ்பத்திரியில படம் எடுத்துத்தான் பாக்கலாம். மாவாலயும் முருங்கையிலையாலயும் மாறாது. இன்னும் ஒரு மாசம் பொறுத்தால் நிறுக்கப் பிள்ளை இருக்காது. இதுக்கு மேல நான் என்னெண்டு சொல்ல?

— அப்பிடிச் சொல்லாதீங்க மிஸ்ஸி.

— இறக்குங்கோ தோளில இருந்து. எப்ப பார்த்தாலும் கடைசி ஆளா வாறீங்கள், எப்ப பார்த்தாலும் முந்தானையால மூடிக்கொண்டு வாறீங்கள். வெளிச்சத்துக்குத் திருப்புங்கோ. கண்ணின்ர கீழ் இமை, பாருங்கோ, வெள்ளை வெளேரெண்டு. இரத்தம் எண்டு ஒண்டும் இல்லை. நாக்கைப் பாப்பம். வாயைத் திற குஞ்சு. ஆ... அப்பிடித்தான்.

— போதும் மிஸ்ஸி, தோணி போயிடும் உங்களுக்கு.

— தோணி போகட்டும். கொஞ்சம் பொறுங்கோ. விரலை வைக்கிறன், கடிக்காதை குஞ்சு. ஒண்டு, ரெண்டு, மூண்டு... மேல பத்து. கீழயும் பத்து. கடைசிக் கடவாய்ப்பல்லு நாலும் முழுசா வந்து, ஒண்டு சொத்தையும் பிடிச்சிட்டுது.

— பல்லு கெதியா வந்திட்டு மிஸ்ஸி. எங்கட குடும்பத்தில அப்பிடி.

— ஆற்ற குடும்பத்திலயும் அப்பிடியில்லை. இஞ்ச பாருங்கோ, பல்லுக்கு ஒரு ஒழுங்கு இருக்கு. ஆறு ஏழு மாசத்தில முன்பல்லு ரெண்டு. பதினைஞ்சு மாசத்தில எட்டு, பத்து, வேணுமெண்டால் பன்னிரண்டு. இந்தக் கடைசிக் கடவாய்ப்பல்லு ரெண்டு வயசு தாண்டித்தான் வரும். சாப்பாடு இல்லாட்டிக் கை மெலியும், கால் மெலியும், முடி செம்பட்டையாகும், நிறை நிண்டிடும். பல்லு மட்டும் நிக்காது. கொஞ்சம் சுணங்கினாலும் தன்ர நேரத்துக்கு வந்திடும். நிறை குறிக்கிற காட் மட்டையில உங்கட மகள் லைலா, பதினைஞ்சு மாசம் எண்டு நான்தான் எழுதினனான். இது லைலா இல்லை.

— மிஸ்ஸி...

— அழாதீங்கோ. அழுதால் எனக்கு விளங்காது. இது ஆற்ற பிள்ளை?

— என்ட றாத்தாட புள்ள. மைமூனா றாத்தாட மகள். பேர் ஸல்ஹா. எல்லாரையும் விட்டுட்டு என்னட்ட மட்டும் வருவா.

— அக்காவின்ர பிள்ளையோ! எத்தினை வயசு?

— ரெண்டரை முடிஞ்சிது.

— யேசுவே! ரெண்டரை வயசுக்குப் பதினேழரை றாத்தலோ! பதினைஞ்சு மாசத்துக்கே இது கோட்டுக்குக் கீழ பிள்ளை. ரெண்டரைக்கு, இந்த மட்டையில இவவுக்குப் புள்ளி குத்த இடமே இல்லை. நாலு மாசம் நான் இவவை லைலாவின்ர கோட்டில வைச்சு, கொஞ்சம் மெலிவு, கொஞ்சம் மெலிவு எண்டு எழுதிக்கொண்டிருந்தனான். ஏன் இப்பிடிச் செய்தனீங்கள்?

— நான் கேட்டன்தானே மிஸ்ஸி. முதல் மாசமே உங்களட்டக் கேட்டன். றாத்தாட புள்ளைக்கு ஒரு காட் போடுங்க எண்டு. நீங்க தலைய நிமித்தாமச் சொன்ன, தாய் வராமக் காட் இல்ல, தாயும் பிறப்புப் பதிவும் வரட்டும் எண்டு.

— நானோ? எனக்கு நினைவில்லை.

— அண்டைக்கு நூறு பேர் நிண்ட. உங்களுக்கு எப்பிடி நினைவிரிக்கும். றாத்தா எப்பிடி வாற? மச்சான் மௌத்தாகி அண்டைக்குப் பதினோராம் நாள். வலைக்குப் போனவர் நெஞ்சு வலியெண்டு வந்து படுத்தார், எழும்பல்ல. றாத்தா இத்தா இருக்கா. நாலு மாசமும் பத்து நாளும் ஊட்ட விட்டு வெளிய வரமாட்டா. அவ இரிக்கிறது குறிஞ்சாக்கேணிக் கடைசியில, மச்சான்ட வாப்பாட வளவுக்குள்ள. ஒருத்தரட்டயும் ஒண்டும் கேக்கமாட்டா. பசிச்சிதா எண்டு கேட்டா, இப்பதான் திண்டன் எண்டு சொல்லுற ஆள். மரவள்ளியும் வெறுந் தேத்தண்ணியும்தான் அடுப்பில. புள்ளயப் பாத்தன், எலும்பு தெரிஞ்சிது. என்னட்ட லைலாட காட் இரிக்கி. நிறை எண்டா நிறைதானே, ஆரை நிறுத்தா என்ன எண்டு நினைச்சன்.

— நிறை எண்டா நிறை இல்லைப் பிள்ளை. தராசு எவ்வளவு எண்டு மட்டும்தான் சொல்லும். அது காணுமோ காணாதோ எண்டு வயசுதான் சொல்லும்.

— எனக்கு அது தெரியா. அது மட்டும் நீங்க சொல்லித் தரல்ல.

— ஓம். அது சொல்லித் தரேல்லை. அது எனக்குத் தெரிஞ்சால் போதும் எண்டு நினைச்சிட்டன்.

— நேத்துத் திண்டது எண்டு சொன்னதெல்லாம் லைலா திண்டது மிஸ்ஸி. பொய்யில்ல. முட்டை, சூடை, முருங்கை எல்லாம். லைலா உருண்டு திரண்டு ஊடு முழுக்க ஓடுறா. மாவில உருண்டை மட்டும் இவவுக்கு எண்டு நினைச்சுச் சொன்னன். லைலாக்குக் குரக்கனும் பயறும் வறுத்து நானே இடிச்சுக் குடுக்கிறன். நீங்க சொன்னதச் செஞ்சன், புள்ள தேறிட்டா. அதுதான் மா அவளுக்கு வேணாம் எண்டு றாத்தாக்குக் குடுத்தன்.

— அப்ப நாலு மாசமும் எட்டுப் பைக்கற்றும் மைமூனாட்டப் போனது?

— எட்டும் போனது. என்ட கையால கொண்டு போய்க் குடுத்தன். உருண்டை புடிக்கிற மாதிரியும் சொல்லிக் குடுத்தன். கஞ்சி காய்ச்சாதீங்க றாத்தா எண்டும் சொன்னன்.

— மாமிக்காரி எடுக்கிறாவோ? அந்த வளவில வேற பிள்ளையள் இல்லையோ?

— மாமி நல்ல மனுசி. கண்ணும் தெரியா பாவம். வேற புள்ளையள் இல்ல.

— மைமூனா வாங்கேக்க என்ன சொன்னவ?

— இது எங்கால எண்டு கேட்டா. லைலாட காட்டுக்குக் குடுத்தது எண்டு சொன்னன். றாத்தாட்டப் பொய் சொல்ல எனக்கு வராது. அப்ப லைலாக்கு எண்டு கேட்டா. லைலாக்கு இப்ப வேணாம், நீங்க ஸல்ஹாக்குக் குடுங்க எண்டன். வாங்கி உள்ள கொண்டுபோனா.

— மரவள்ளியும் தேத்தண்ணியும் மட்டுமெண்டால் எனக்கு விளங்கும். மரவள்ளி வயித்தை நிரப்பும், தசையைக் கட்டாது. ஆனால் எட்டுப் பைக்கற்று, நாலு மாசம். இது சோளமும் சோயாவும் பாலும் சேர்ந்த மா. கல்லுக்குக் குடுத்தாலும் கல்லு வளரும். ஒரு றாத்தலாவது ஏறியிருக்க வேணும். ஏறேல்லை. அப்ப நான் முதல் சொன்னதுதான். உள்ள வருத்தம் இருக்கு.

— அப்பிடியெண்டா என்ன செய்யிற மிஸ்ஸி? றாத்தாக்கு இந்தப் புள்ள ஒண்டுதான்.

— இத்தா முடிய எத்தினை நாள்?

— ஒம்பது.

— ஒம்பது நாள் இந்த உடம்பு பொறுக்காது. நீங்கள் சாச்சி, நீங்களும் கூட நிக்கலாம். இல்லாட்டி நான் இப்ப மைமூனாட்ட வந்து கதைக்கிறன். நான் பொம்பிளைதானே, வீட்டுக்குள்ள வரலாம். பிள்ளையின்ர உயிர் எண்டால் அவவே வெளிக்கிடவும் இடம் இருக்காமல் போகாது, உங்கட பெரியவையைக் கேப்பம்.

— கடைசித் தோணிய விட்டிடுவீங்களே.

— விடுறன். நாலு மாசம் முள்ளைப் பார்த்தனான், பிள்ளையின்ர முகத்தைப் பார்க்கேல்லை. ஒரு நாள் தோணியை விட்டால் குறைஞ்சு போகமாட்டன். அந்தப் பெட்டியில இருந்து ஒரு பைக்கற்றை எடுத்து உடையுங்கோ. பிளாஸ்கில கொஞ்சம் சுடுதண்ணி மிச்சம் இருக்கு.

— இப்பவா?

— ஓம், இப்ப. இவ சாப்பிடுறாவோ எண்டு நான் கண்ணால பாக்கவேணும். பசி இருக்கிற பிள்ளையைக் காப்பாத்தலாம். பசி செத்துப்போன பிள்ளையெண்டால் இரவைக்கே கொண்டு போகவேணும், விடியுமட்டும் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. தண்ணி காணும், இன்னும் விடாதீங்கோ. வறுத்த மா, அவிக்கத் தேவையில்லை. சின்ன உருண்டையா, ம், அவ்வளவுதான்.

— ஸல்ஹா, மகள், இஞ்ச பாருங்க. சாச்சி தாறன். ஆ காட்டுங்க. வாயத் திறக்கிறாவில்ல மிஸ்ஸி.

— உதட்டில தொட்டு வையுங்கோ. இனிப்புத் தெரிஞ்சால் திறப்பா.

— திருப்புறா. மூஞ்சிய அங்கால திருப்புறா. ஸல்ஹா, ஒரு வாய், என்ட தங்கம்ல.

— மாதாவே. பசி செத்திட்டுது. கொண்டு வாங்கோ பிள்ளையை, கெதியா. தோணிக்காரன் வெளிக்கிட முதல் கூப்பிட்டு மறியுங்கோ.

— பொறுங்க மிஸ்ஸி. கண்ணு உருண்டையிலதான் இரிக்கி. எச்சில் முழுங்குறா, பாருங்க. ஏன் மகள் தின்னமாட்டீங்க? கசக்குதா?

— அது லைலாட மா, சாச்சி. எங்கட ஊட்டயும் நிறைய இரிக்கி. உம்மா உடைக்கல்ல. லைலாட ஹக்கு, அவட பங்கு, நாங்க தின்னக் கூடாவாம்.